பத்து மணிக்குப் பிறந்த பெட்டி

செல்லிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது, கைதான் வேகமெடுக்கும். பாத்திரம் தேய்த்தால் முகம் பார்க்கலாம், துணி துவைத்தால் கல் அதிரும். "உங்கம்மா இன்னிக்கு யார் மேலயோ கோவமா கீறா, வூடு எப்படி மின்னுது பாரு" என்று அவள் புருஷன் சென்றாயன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மில் வாசலில், நாலு ஊர்ப் பெண்களுக்கு முன்னால், சம்பளம் கொடுக்கிற முதலாளியைப் பார்த்து வாய் திறந்தாள். அவளைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அதைக் கேட்டால் "நம்ம செல்லியா?" என்றுதான் கேட்பார்கள்.

அவள் பிறந்தது போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பன், பாட்டன் எல்லாருக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அங்கே சாயங்காலம் என்பது சூரியன் சொல்லி வருவதில்லை. காட்டுக்காரர் வரப்பில் நின்று "போதும், கரையேறுங்கடி" என்றால்தான் சாயங்காலம். அவருக்கு இன்னும் ரெண்டு பாத்தி களை பிடுங்க வேண்டியிருந்தால் இருட்டினாலும் அது சாயங்காலம் இல்லை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் சென்றாயன் மூட்டை ஏற்றும் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோன முதல் நாளில், சங்கு ஊதியதும் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்ததைப் பார்த்து அவளுக்கு வாய் பிளந்துவிட்டது.

"யாரும் போன்னு சொல்லவே இல்லியே?"

"சங்கு ஊதுனா ஊதுனதுதான்டி. மொதலாளியே வந்தாலும் அத நிறுத்த முடியாது" என்றான் சென்றாயன்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்குக் கம்பெனி வேலை பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் வெங்கடப்பன் என்பவரின் சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? சங்கை நேரத்துக்கு ஊத வைக்கிற பெட்டி. சாமி தன்னை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது சும்மா இல்லை என்று செல்லி நினைத்தாள். தன் மேசைக்கு மேலே சுவரில் மாரியம்மன் படம் ஒன்றை ஒட்டி, தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையில் கை வைப்பாள்.

பெட்டிக்குள்ளே நகத்தளவு சிப்பு ஒன்று. வருஷம், மாதம், தேதி, கிழமை, மணி எல்லாம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி போட்டுவிட்டால் கரண்டு போனாலும் அது நிற்காது. இன்ன கிழமை, இன்ன மணிக்கு என்று சொல்லி வைத்தால் அந்த நேரத்துக்குச் சங்கைத் தட்டி எழுப்பும். சிப்பிடம் நேரத்தைக் கேட்டு வாங்குவதும் அலாரத்தைப் பார்த்துக்கொள்வதும் ஒரு புரோகிராம். அதை எழுதியவன் ஆஞ்சப்பன் என்ற எஞ்சினியர் பையன், ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன். அதற்கு 'டிரைவர்' என்று பேர் சொன்னான்.

"லாரிக்கு இருக்கிற மாதிரியா சார்?" என்று செல்லி கேட்டாள்.

"ஆமாம்மா. சிப்பு லாரி மாதிரி. சும்மா நிக்கும். இவன்தான் ஓட்டணும்."

"லைசென்சு கீதா அவனுக்கு?"

ஆஞ்சப்பன் நன்றாகச் சிரிப்பான். நல்ல பையன்தான். நல்ல பையன்கள் முதலாளிக்கு முன்னால் எப்படி இருப்பார்களோ அப்படியும் இருப்பான்.

செல்லியின் வேலை கடைசி வேலை. பேட்டரி போட வேண்டும். பிறகு கால்குலேட்டர் மாதிரி எண் பித்தான்கள் உள்ள ஒரு கைப்பெட்டியைக் கம்பியால் மாட்டி, சரியான தேதியும் நேரமும் அழுத்த வேண்டும். மலிவான பெட்டிகளுக்கு நேரம் காட்டும் கண்ணாடி கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன மணி ஓடுகிறது என்று தெரியாது. 'நேரம் வைத்தே கொடுப்போம், கரண்டு கொடுத்தால் போதும்' என்று சொல்லித்தான் வெங்கடப்பன் விற்றார்.

வெங்கடப்பன் பக்திமான். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வாராவாரம் மலையேறிச் சந்திரசூடேஸ்வரரைச் சேவிப்பார், நெற்றியில் விபூதி இல்லாமல் ஆபீசுக்குள் கால் வைக்க மாட்டார். ஆனால் அவர் பக்தியில் முக்கால் பங்கு பயம். ராகு காலத்தில் காசோலையில் கையெழுத்துப் போட மாட்டார், போன் எடுக்க மாட்டார், ராகு காலத்தில் தும்மினால் கூடத் தண்ணீர் தெளித்துக்கொள்வார். இப்படிப்பட்டவருக்கு ஆஞ்சப்பன் ஒரு நாள் ஒரு விஷயத்தைச் சொல்லித் தொலைத்தான். முதல்முதலாகப் பேட்டரி போட்டதும் சிப்புக்கு ஒன்றும் தெரியாதாம். ஏதாவது ஒரு தேதியிலிருந்து அது ஆரம்பித்தாக வேண்டுமாம். அதனால் ஜனவரி ஒன்று, நடுராத்திரி என்று டிரைவரில் எழுதி வைத்திருக்கிறானாம்.

"நடுராத்திரியா?" வெங்கடப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏமப்பா, நம்ம பொட்டி எல்லாம் பேய் ஒலாத்துற நேரத்துல பொறக்குதா? அதான் போன வருஷம் நாலு பொட்டி திரும்பி வந்துச்சு!"

"சார், அது சும்மா ஒரு நம்பர் சார். அப்புறம் செல்லியக்கா கரெக்ட் டைம் வெச்சிடறாங்க."

"பொறந்த நேரம் பொறந்த நேரந்தான்யா. அப்புறம் மாத்துனா ஜாதகம் மாறிடுமா?"

பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து, தை மாதத்தில் ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமையை எடுத்தார். காலை பத்து மணி. ராகு காலம் பத்தரைக்குத்தான். அதற்கு முன்னால் குழந்தை பிறந்துவிடும். "எந்தப் பொட்டிக்கு எப்ப பேட்டரி போட்டாலும் அது இந்த வெள்ளிக்கெழம பத்து மணிக்குத்தான் கண்ணு முழிக்கணும்" என்றார். ஆஞ்சப்பன் 'ஆயித்து சார்' என்று கன்னடத்தில் தலையாட்டிவிட்டு டிரைவரை மாற்றினான்.

செல்லிக்கு இதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. நல்ல நேரம் பார்ப்பது அவளுக்கும் பழக்கந்தான். பக்கத்து மேசை பாப்பம்மா மட்டும் ஒவ்வொரு பேட்டரி போடும்போதும் "பொறந்துச்சுடி இன்னொரு தை வெள்ளிக் கொழந்த, பேர் வையி" என்பாள். இருவரும் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

தொண்ணூற்று நாலில், ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. போச்சம்பள்ளிப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்கும், வழியில் வேறு சில இடங்களுக்கும் பெட்டி அனுப்ப வேண்டும். மத்தியானம் லாரி. காலையில் கரண்டு போய்விட்டது. திரும்பி வந்து, கம்பிகளைப் பற்றவைக்கிற வேலை முடிந்து, பெட்டிகள் செல்லியின் மேசைக்கு வந்தபோது பத்தரை தாண்டிப் பதினொன்றை நெருங்கிவிட்டது. ராகு காலம்.

பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு செல்லி முதலாளி முகத்தைப் பார்த்தாள்.

"போடு, போடு" என்றார் அவர். "பொட்டிக்கு உள்ள பத்து மணிதானே? அதுக்கு ராகு காலம் இல்ல."

போட்டாள். பெட்டிகள் வரிசையாகக் கண் விழித்துச் சிவப்பாக மினுக்கின. கைப்பெட்டியை எடுத்து முதல் பெட்டியில் மாட்டப் போனாள்.

"ஏய், ஏய்! என்னா பண்ற?"

"நேரம் வெக்கிறேன் மொதலாளி."

"இப்ப நெஜ நேரத்த வெச்சா அதுக்கு ராகு காலம்னு தெரிஞ்சிடுமே! பன்னெண்டுக்கு மேல வையி. தொடாத."

"பன்னெண்டுக்கு லாரி வந்துடுமே மொதலாளி."

"நிறுத்தி வெக்கறேன். நீ தொடாத, அவ்ளோதான்."

செல்லி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லாரி பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. லாரிக்காரன் கிருஷ்ணகிரியில் இன்னொரு லோடு இருக்கிறது என்று ஹாரனை விடாமல் அடித்தான். வெங்கடப்பனே வெளியே ஓடிவந்து, "ஏத்துங்கய்யா, ஏத்துங்க" என்றார்.

"மொதலாளி, நேரம் வெக்கல" என்று செல்லி பின்னாலேயே போனாள்.

"ஆஞ்சப்பன் நாளைக்கு எடத்துக்கே போய் வெச்சுடுவான். நீ போம்மா."

பெட்டிகள் போய்விட்டன. அன்றைக்கு வெள்ளி, பிறந்ததும் வெள்ளி. அதனால் கிழமை சரி. தேதி மட்டும் எங்கேயோ தையில் நின்றது. நேரம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பின்னால் ஓடியது. இதுதான் நடந்தது, இவ்வளவுதான். பாப்பம்மா பார்த்தாள், ஏற்றிய ஆட்கள் பார்த்தார்கள், ஆஞ்சப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மற்ற இடங்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. சங்கு தப்பாக ஊதுகிறது என்றார்கள். ஆஞ்சப்பன் பைக்கில் போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு வந்தான். மில்லிலிருந்து மட்டும் போன் வரவில்லை.

"சத்தம் போடலன்னா சரியா ஓடுதுன்னு அர்த்தம். இத்தன தூரம் எதுக்கு பெட்ரோல்?" என்றார் வெங்கடப்பன்.

அந்த மில்லில்தான் செல்லியின் தங்கை மாரம்மா வேலை செய்தாள்.

மில்லுக்குள் பெண்கள் யாரும் கைக்கடிகாரம் கட்டக் கூடாது. கட்டியிருந்தால் கேட்டிலேயே கழற்றி வாங்கி வைத்துவிடுவார்கள். மிஷினில் மாட்டும் என்பார்கள். ஷெட்டில் ஜன்னல் எல்லாம் உயரத்தில், பஞ்சு படிந்து வெளுத்துக் கிடக்கும். உள்ளே இருப்பவர்களுக்குச் சங்குதான் சூரியன். காலையில் ஊதினால் நுழைய வேண்டும், சாயங்காலம் ஊதினால் வெளியே வந்து ஊர் பஸ்சைப் பிடிக்க வேண்டும்.

புதுப்பெட்டி மாட்டிய முதல் நாளே டைம் கீப்பர் கோவிந்தனுக்குத் தெரிந்துவிட்டது. ஆபீசில் சுவர்க்கடிகாரம் இருக்கிறதே. காலைச் சங்கு தாமதமாக ஊதியது. அடுத்த நாளிலிருந்து காலைச் சங்கையும் மத்தியானச் சங்கையும் பெட்டியில் நிறுத்தி வைத்துவிட்டு, பித்தானை அழுத்திக் கையாலேயே ஊதினான், நேரத்துக்குக் கொஞ்சமும் பிசகாமல். பெட்டிக்கு என்று அவன் விட்டுவைத்தது சாயங்காலச் சங்கு ஒன்றைத்தான். பெண்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக நூல் இழுத்தார்கள். தெரியாமலே இழுத்தார்கள். வெளியே வந்தால் பஸ் போயிருக்கும். "இப்பல்லாம் பஸ்சு சீக்கிரம் போயிடுதே" என்று பஸ்காரனைத் திட்டிக்கொண்டு நடந்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மனுஷியின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, திட்டைப் பஸ்காரன் தலையில் போட்டார்களே.

ஒரு சாயங்காலம் நடக்க முடியாமல் ஏழெட்டுப் பேர், தேங்காய் மட்டை ஏற்றிப்போன டிராக்டரில் தொற்றிக்கொண்டார்கள். ஏரிக்கரைத் திருப்பத்தில் டிரெய்லர் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மாரம்மாவின் கால் மட்டும் சக்கரத்துக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

செல்லி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாரம்மா காலில் கட்டோடு படுத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அழுவாள் என்று செல்லி நினைத்தாள். அவள் அழவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன்டி மாரி, என்னாடி?"

"அக்கா, நீயா?"

"என்னா நானா?"

"கோவிந்தன் வந்து சொன்னாரு. சங்கு பொட்டிக்கு நேரம் வெக்கிற பொம்பள மறந்துட்டாளாம். ஓசூர் மொதலாளியே போன்ல சொன்னாராம். பேரு செல்லின்னும் சொல்லிட்டாரு." அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. "உனக்கு வேல கெடச்சிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கெடந்தேனே அக்கா. எங்கக்கா வெச்ச நேரத்துக்குத்தான் நம்ம மில்லு சங்கு ஊதப்போவுதுன்னு."

செல்லி எழுந்தாள். தங்கையின் தலைமாட்டிலிருந்த தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பக்கத்தில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்தி, "போதும்மா, ஓட்ட வுழுந்துடும்" என்றாள்.

அடுத்த நாள் கம்பெனியில் வெங்கடப்பன் அவளை ஆபீசுக்குள் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"செல்லி, மில்லுல பொம்பளைங்க வேலைக்குப் போவாம கேட்டுல நிக்கறாங்களாம். நாம போய் ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது. நீ மறந்துட்டேன்னு சொல்லு. மனுஷங்கன்னா மறக்கறதுதானே?"

"நான் மறக்கலீங்க."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு நம்ம பொட்டிய வாங்குவாங்க? கம்பெனி மூடுனா நீயும் பாப்பம்மாவும் எங்க போவீங்க?" குரலை இறக்கினார். "உன் தங்கச்சி காலுக்குப் பெங்களூருல காட்டணும்னா நான் பாத்துக்கறேன். உன்ன பர்மனென்ட் பண்றேன். ஒரு வார்த்தைம்மா."

ஆஞ்சப்பன் பக்கத்தில்தான் நின்றான். செல்லி அவனைப் பார்த்தாள். அவன் மேசை மேல் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து அது எந்தப் பெட்டியுடையது என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு வீட்டில் சென்றாயனிடம் சொன்னபோது அவன் வெகு நேரம் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தான். "காலு சரியாவணுமேடி" என்றான். "அதுக்காவ நீ சொன்னாலும் தப்பில்ல. சொல்லாட்டியும் தப்பில்ல. நான் என்னாத்த சொல்றது?" செல்லிக்கு அவன் மேலும் கோபம் வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அதற்கு எதிராகவாவது நின்றிருப்பாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வெங்கடப்பனின் காரில் இருவரும் மில்லுக்குப் போனார்கள். ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. காவேரிப்பட்டணம் தாண்டும் வரை அவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். "கைய கூப்பிக்கோ. கொஞ்சம் அழுதாலும் நல்லதுதான்." செல்லி பேசவில்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. சொல்லப்போனால் அவளுக்கே தெரியாது, தான் என்ன சொல்லப்போகிறோம் என்று. மாரியின் கால் ஒரு பக்கம், மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒரு பக்கம்.

ஊர் பஸ் அன்றைக்குத் தாமதமாக வந்தது. பெண்கள் இறங்கி மில் வாசலில் கூடும்போது ஏழரை தாண்டிவிட்டது. வெங்கடப்பன் வாட்சைப் பார்ப்பதும் விபூதியைத் தொடுவதுமாக இருந்தார். மில் மேனேஜர் வெள்ளைச் சட்டையில் நின்றார். அவருக்குப் பின்னால் கோவிந்தன்.

வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் முனியப்பன் கல் ஒன்று. மில்லில் கால் வைக்கும் பெண்கள் எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போகிற கல். பெண்களில் மூத்தவள் மாதம்மாள் முன்னால் வந்தாள். வாய்க்காரி.

"யாரு நேரம் வெக்கிறவ?"

"நாந்தாங்க."

"மாரம்மாவுக்கு அக்காவாமே நீ? கூடப் பொறந்தவ காலையே ஒடச்சிட்டியே, உன் கையில என்னா மறதிக் காச்சலா?"

சில பெண்கள் சிரித்தார்கள். செல்லி தலை குனிந்து நின்றாள். வெங்கடப்பன் இதமான குரலில் தொடங்கினார்: "அம்மா, பாவம், வேல ஜாஸ்தி. மறந்துட்டா. செல்லி, சொல்லும்மா."

"அவ சும்மா சொல்ல வேணாம்" என்றாள் மாதம்மாள். முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரத்தை எடுத்து முனியப்பன் கல்லின் மேல் வைத்து ஏற்றினாள். "மறந்தது நெஜம்னா இத அணச்சு சொல்லட்டும். சாமிக்கு முன்னால சொன்னா நாங்க உள்ள போறோம். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

வெங்கடப்பன் பதறிப்போனார். "ஐயையோ, ராகு காலம்மா இது! இப்ப போய் சத்தியம் கித்தியம் எல்லாம் கூடாது. ஒம்பது மணிக்கு மேல வெச்சுக்கலாம்."

செல்லி நிமிர்ந்தாள்.

அதுவரை அவள் உள்ளே எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் உடைந்தது. அவளுக்கே தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

"எந்த ராகு காலம் மொதலாளி? பொட்டிக்கு உள்ள ஓடுற காலமா, வெளிய ஓடுற காலமா?"

"செல்லி..."

"பேட்டரி போட வெச்சதும் ராகு காலந்தான். அப்ப 'பொட்டிக்குள்ள பத்து மணிதானே'ன்னீங்க. நேரம் வெக்கப் போனேன், கைய புடிச்சு நிறுத்தாத கொறயா தொடாதன்னீங்க. லாரிக்குப் பின்னால ஓடியாந்து, வெக்கல வெக்கலன்னு சொன்னேன். போம்மான்னீங்க. ராகுவ ஏமாத்தறதுக்குக் கடியாரத்த பொய் சொல்ல வெச்சீங்க. ராகு ஏமாந்தாரா? ஏமாந்தது எந்தங்கச்சி! அவ காலு!" அவள் கற்பூரத்தைக் காட்டினாள். "நான் அணைக்கிறேன். நான் மறக்கலன்னு அணைக்கிறேன். நீங்க வந்து, நான் தொடாதன்னு சொல்லலன்னு சொல்லி அணைங்க. வாங்க. சாமிக்குப் பயந்தவருதானே நீங்க?"

குனிந்து உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தாள். மாதம்மாள் இன்னொன்றை எடுத்து வைத்து ஏற்றி, வெங்கடப்பனைப் பார்த்தாள். அவர் கை ஒரு தடவை முன்னால் வந்து பின்னால் போனது. உதடு ஏதோ மந்திரம் முணுமுணுத்தது. கற்பூரம் தானாக எரிந்து முடியும் வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அணைக்கவில்லை.

அந்த மௌனத்தில்தான் மாதம்மாளுக்கு எங்கேயோ பொறி தட்டியது. மெல்லத் திரும்பினாள்.

"அப்ப பொட்டி பின்னாலதான் ஓடியிருக்கு. சரி. அப்படின்னா காலையில சங்கும் பின்னாலதானே ஊதணும்? நாம எறங்கி நடந்து வரதுக்குள்ள டாண்ணு ஊதுச்சே. அது யாருடி ஊதுனது?"

எல்லாருடைய கண்ணும் கோவிந்தன் மேல் போனது. கோவிந்தன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கேட்டைப் பார்த்தார்.

"பேசேன்டா! காலையில கையி, சாயங்காலம் பொட்டியா? எங்க ஒரு மணி நேரத்த யாருடா துன்னது?"

அதற்கப்புறம் நடந்தது பேச்சு இல்லை, இரைச்சல். அன்றைக்கு மத்தியானம் வரை மில் ஓடவில்லை. மாரம்மாவின் வைத்தியத்தை மில்லே ஏற்றுக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். பஸ்சைத் தவறவிட்ட நாட்களின் கூடுதல் வேலைக்குக் கூலி என்ற பேச்சை மட்டும் அவர் கடைசிவரை எடுக்கவே இல்லை. ஷெட்டுக்குள் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றை மாட்டச் சொல்லி மாதம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். அது அந்த வாரமே மாட்டப்பட்டது. கோவிந்தன் அதே வேலையில்தான் இருந்தான். செல்லிக்கு அது இன்னும் ஆறவில்லை.

வெங்கடப்பன் காரில் தனியாகத் திரும்பிப் போனார். செல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தும் பஸ் ஏறியும் போனாள். மாதம்மாள் அவளுக்கு முன்னாலேயே ஆள் விட்டுச் செய்தி சொல்லியிருந்தாள். மாரம்மா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, அக்காவுக்கு உட்கார இடம் விட்டாள்.

"மொதலாளியவே கேட்டுட்டியாமே?"

"ம்."

"எங்க நீ வாய தொறக்கப்போறேன்னு நெனச்சேன்." மாரம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை கற்பூரம் சுட்டுக் கன்றியிருந்தது. "எரியுதா?"

"எரியட்டும்."

அந்த வாரம் முழுக்கச் செல்லி வேலைக்குப் போகவில்லை. வராதே என்று யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை, வா என்றும் சொல்லவில்லை. மேசைக்கு மேலே ஒட்டிய மாரியம்மன் படம் மட்டும் அவள் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. அம்மாவை அந்த இடத்தில் விட்டுவிட்டு எப்படி இருப்பது? வெள்ளிக்கிழமை, வீட்டு வேலையெல்லாம் முடித்துக் குளித்து, பத்தரை ஆனதும் கிளம்பினாள். வேண்டுமென்றே அந்த நேரத்துக்குக் கிளம்பினாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது கம்பெனியில் ஒரு கை கூட அசையவில்லை. பாப்பம்மா சும்மா உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லியின் மேசையில் புதுப்பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. பேட்டரி போட்டாகிவிட்டது, எல்லாம் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் உள்ளே தை மாதம், வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். இத்தனை நடந்த பிறகும்!

ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு வெங்கடப்பன் வந்தார். முகம் சின்னதாகப் போயிருந்தது. "செல்லி, வந்துட்டியா? பழச மறந்துடலாம். வேலைக்கு வா. ஆனா பன்னெண்டுக்கு மேல உக்காரு, இப்ப வேணாம்."

செல்லி நேராகத் தன் மேசைக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுவரிலிருந்த மாரியம்மனைத் தொட்டுக் கும்பிட்டாள். கைப்பெட்டியை எடுத்து முதல் பெட்டியில் மாட்டினாள்.

"ஏய், வேணாம்மா! ராகு காலம்!"

சுவர்க்கடிகாரத்தில் மணி பார்த்தாள். வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம் என்று ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒரு பித்தான் தப்பவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. இந்தப் பெட்டிகள் எந்த ஊருக்குப் போகுமோ, எந்த ஷெட்டில் எந்தப் பெண் இதை நம்பிக் காத்திருப்பாளோ. வெங்கடப்பன் "ஒத்து, ஒத்து" என்று தன் வீட்டுத் தெலுங்கில், வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாரே தவிர, ராகு காலத்தில் அந்தப் பெட்டிகளைத் தொட்டுத் தடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஆஞ்சப்பன் எழுந்து வந்து, தலை குனிந்தபடியே, முடிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தான். அவன் முகத்தைச் செல்லி பார்க்கவில்லை.

கடைசிப் பெட்டி முடிந்ததும் கைப்பெட்டியை வைத்துவிட்டு, நகத்தால் ஓரம் ஓரமாகப் பெயர்த்து மாரியம்மன் படத்தைக் கிழியாமல் எடுத்தாள். முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குச் செஞ்சதுக்கு கூலி வேணாம் மொதலாளி. இது உங்களுக்குச் செஞ்சது இல்ல."

வெளியே வந்தபோது சிப்காட் ரோட்டில் வெயில் காய்ந்தது. எங்கேயோ ஒரு கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதியது. செல்லி நின்று, எதிரே டீக்கடைக்குள் எட்டிப் பார்த்து, அங்கே மாட்டியிருந்த கடிகாரத்தில் மணி சரிதானா என்று பார்த்துவிட்டு நடந்தாள்.